படகில் பழைய ஸ்டிக்கர்: உரிக்கும்போது வரும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் முறையும்

வெயிலிலும் உப்புக்காற்றிலும் வருஷக்கணக்கில் கிடந்த ஸ்டிக்கர் முழுத்தாளாக உரிந்து வருவது அபூர்வம். உடையும், பசையை விட்டுப் போகும், சில சமயம் பெயின்ட்டையும் கையோடு கொண்டுவரும். எல்லாம் எடுத்து முடித்த பிறகும் எழுத்தின் நிழல் படகில் அப்படியே நிற்கும். உங்கள் படகில் தெரிகிற அறிகுறிக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் எளிய வழி முதலில், செலவும் ஆபத்தும் கூடிய வழி கடைசியில். முதல் வழி பலித்தால் அடுத்ததற்குப் போகவே வேண்டாம்.

எதையும் தொடும் முன்: அடியில் இருப்பது என்ன?

இதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். ஸ்டிக்கர் எடுக்கப் போய் படகைக் கெடுத்துக்கொண்டவர்களில் பலர் கெடுத்தது, பெயின்ட்டை ஜெல்கோட் (ஃபைபர் படகை அச்சில் வார்க்கும்போதே அதன் வெளிப்பக்கத்தில் சேரும் நிற அடுக்கு) என்று நினைத்துத்தான்.

வெளியே தெரியாத ஓர் இடத்தில், வெள்ளைத் துணியில் சில துளி அசிட்டோன் விட்டு ஐந்து நொடி தேயுங்கள்.

- துணியில் நிறம் தாராளமாக ஏறி, தேய்த்த இடம் பிசுபிசுத்தால் அது ஒற்றைக்கூறு பெயின்ட், அதாவது கெட்டியாக்கி எதுவும் கலக்காமல் அடிக்கும் பெயின்ட். இந்தப் படகில் அசிட்டோன், சைலீன், தின்னர், டிரில்லில் மாட்டும் ரப்பர் சக்கரம் எதுவும் கூடாது.
- மாவு போல லேசாக நிறம் வந்து, பரப்பு கெட்டியாகவே இருந்தால் அது வெளுத்துப்போன ஜெல்கோட்.
- துணி சுத்தமாகவே இருந்தால் நல்ல ஜெல்கோட், அல்லது இருகூறு (கெட்டியாக்கி கலந்து அடிக்கும்) பாலியூரித்தேன் பெயின்ட். ஏதாவது கீறலையோ ஸ்க்ரூ ஓட்டையின் விளிம்பையோ உற்றுப் பாருங்கள். மேல்நிறம் காகிதம் போல் மெல்லியதாக இருந்து, உடனே அடியில் வேறு நிறம் தெரிந்தால் பெயின்ட். ஒரே நிறம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு உள்ளே போனால் ஜெல்கோட்.

அடையாள எண் தகட்டையும், எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகட்டையும் ஸ்டிக்கர் கணக்கில் சேர்க்காதீர்கள். அடையாள எண் என்பது ஐஎஸ்ஓ 10087 தரத்தின்படி படகில் பதிக்கப்படும் நிரந்தரக் குறி. பல நாடுகளில் அதை எடுப்பதோ மாற்றுவதோ குற்றம். முதலில் மாஸ்கிங் டேப் போட்டு அதை மூடிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அறிகுறி 1: நகத்தளவு துண்டுகளாக உடைந்து வருகிறது

*காரணம்: பரப்பு குளிர்ந்திருக்கிறது.* சரிசெய்ய மிக எளிதானது இதுதான். குளிரில் வினைல் (ஸ்டிக்கரின் பிளாஸ்டிக் தாள்) ஓடு போல் உடையும். வெயில் படும்படி படகைத் திருப்பி வைத்து ஒரு மணி நேரம் விட்டாலே பாதி வேலை முடியும். அடர்நிறப் படகு நல்ல வெயிலில் நின்றால் தனியாகச் சூடே காட்ட வேண்டியதில்லை.

வெயில் போதாவிட்டால் ஹேர் டிரையர். அதுவும் போதாவிட்டால் ஹீட் கன்: மிகக் குறைந்த அளவில் வைத்து, 15 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். உள்ளங்கை அளவு இடத்துக்கு 20 முதல் 30 நொடி. பரப்பு 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். அளக்கக் கருவி இல்லையென்றால் சூடு காட்டிய இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நொடி தாங்க முடிந்தால் சரி, பட்டதும் கையை இழுத்துக்கொண்டால் சூடு அதிகம். அதற்கு மேல் போனால் ஜெல்கோட் இளகும், கொப்புளிக்கும், வெள்ளை நிறம் மஞ்சளாகும். ஹீட் கன்னின் வாயில் பல நூறு டிகிரி சூடு வருவதால், ஒரே இடத்தில் சில நொடி நிறுத்தினாலும் அந்தத் தழும்பு போகாது.

*காரணம்: இழுக்கும் விதம் தவறு.* பரப்பிலிருந்து நேர்மேலே இழுத்தால் உடையும். மூலையைப் பிளாஸ்டிக் பிளேடால் கிளப்பி, தாளைத் தன் மேலேயே மடித்து, பரப்பை ஒட்டினாற்போல் பின்னோக்கி இழுங்கள். நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். காதையும் கொடுத்துக் கேளுங்கள். சூடும் வேகமும் சரியாக இருந்தால் மெல்லிய சீரான ஓசையோடு வரும், மடிப்பு ஈரத்துணி போலத் துவளும். பட் பட் என்று வெட்டி வெட்டிச் சத்தம் கேட்டால் அடுத்த இழுப்பில் கிழியப் போகிறது. நிறுத்தி, மறுபடி சூடு காட்டுங்கள்.

பெரிய ஸ்டிக்கரை அப்படியே இழுக்காமல் இரண்டு மூன்று விரல் அகலப் பட்டைகளாக்கினால் எளிது. ஆனால் கத்தியால் கீறிப் பட்டையாக்காதீர்கள். கத்தி வினைலோடு நிற்காது, ஜெல்கோட்டிலும் கோடு போட்டுவிடும். கிழிகிற போக்கிலேயே பட்டையாக எடுங்கள்.

*காரணம்: வினைலின் நெகிழ்வு முழுக்கப் போய்விட்டது.* மேலே மயிர்க்கோடு வெடிப்புகள் தெரியும், சூடு காட்டினாலும் துவளாது. இதற்கு ரப்பர் சக்கரம்தான் வழி. டிரில்லில் மாட்டும், பென்சில் ரப்பர் போன்ற சக்கரம் அது. ஜெல்கோட்டிலும் நன்கு இறுகிய இருகூறு பெயின்ட்டிலும் மட்டும் இதைப் பயன்படுத்தலாம். பெயின்ட்டானால் மறைவான இடத்தில் பார்த்த பிறகே.

- வேகம் நிமிடத்துக்கு 1,000 முதல் 2,000 சுற்று வரை. சக்கரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தை எக்காரணம் கொண்டும் தாண்ட வேண்டாம்.
- அழுத்தாதீர்கள், சக்கரத்தின் எடையே போதும். ஒரே இடத்தில் இரண்டு நொடிக்கு மேல் நிற்காமல், விளிம்பிலிருந்து உள்நோக்கி நகர்த்துங்கள்.
- பத்து நொடிக்கு ஒருமுறை நிறுத்திக் கையால் தொட்டுப் பாருங்கள். உரசலில் எழும் சூடு ஹீட் கன்னுக்குக் குறைந்ததல்ல.
- கண்ணாடியும் முகமூடியும் கட்டாயம். வினைல் தூள் எல்லாப் பக்கமும் பறக்கும்.

சக்கரம் போன பாதையில் கறுப்புக் கோடுகள் நின்றால் பயப்பட வேண்டாம், அது ரப்பர். மினரல் டர்பன்டைன் தொட்ட துணியில் போய்விடும். பழுப்பாகவோ மங்கலாகவோ நின்று, துடைத்தாலும் போகாவிட்டால் அது சூட்டுக்காயம். அறிகுறி 6-இல் சொல்லும் காம்பவுண்டு (பரப்பை லேசாகத் தேய்த்தெடுக்கும் பசை) வேலை அதற்கும் பொருந்தும்.

இரும்பு பிளேடு, கம்பி பிரஷ், ஸ்டீல் வுல் மூன்றையும் படகுப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். ஸ்டீல் வுல்லின் துகள் ஜெல்கோட்டில் சிக்கிச் சில நாளில் துருப்புள்ளியாக வெளியே வரும்.

*ஆள் கூப்பிட வேண்டிய இடம்:* படகு முழுவதும் போர்த்திய வினைல் இப்படி உடைகிறது, ஒரு சாண் சதுரத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கிறது என்றால் தொழில்முறை ஆளிடம் கொடுங்கள். கை சோர்ந்த பிறகுதான் தவறுகள் நடக்கும்.

அறிகுறி 2: மேல்தாள் மட்டும் வருகிறது, எழுத்து அப்படியே நிற்கிறது

அச்சிட்ட ஸ்டிக்கரின் மேல் ஒட்டிய பாதுகாப்புத் தாள்தான் கழன்றிருக்கிறது, உண்மையான ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. மேல்தாளை முழுக்க எடுத்துவிட்டு அறிகுறி 1-இன்படி புதிதாகத் தொடங்குங்கள். அச்சு மை இப்போது மூடியின்றி இருப்பதால் கரைப்பான் பட்டால் நிறம் ஒழுகும். இந்தக் கட்டத்தில் சூடு மட்டும், கரைப்பான் வேண்டாம்.

அறிகுறி 3: ஸ்டிக்கர் போய்விட்டது, பசை நிற்கிறது

ஹீட் கன்னைக் கழற்றித் தூர வைத்துவிட்டு, படகு ஆறும்வரை காத்திருங்கள். அசிட்டோன் ஆவி பூஜ்ஜியத்துக்குக் கீழே 20 டிகிரியிலேயே தீப்பிடிக்கக்கூடியது. சூடும் கரைப்பானும் ஒரே நேரத்தில் ஒரு வேலையில் இருக்கக் கூடாது. கரைப்பான் வேலை நிழலில், காற்றோட்டத்தில், நைட்ரைல் கையுறையோடு.

*முதலில்:* பசை தடிமனாக இருந்தால் கட்டைவிரலால் உருட்டுங்கள். பெரும்பகுதி உருண்டையாகத் திரண்டு வரும். மிச்சத்தின் மேல் நல்ல பிடிப்புள்ள டேப்பை அழுத்தி வெடுக்கென்று எடுத்தால் அதோடு போகும். பெயின்ட் படகில் இந்த டேப் வேலை வேண்டாம்.

*அடுத்து:* மினரல் டர்பன்டைன், மண்ணெண்ணெய், ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த பசை நீக்கி, இவற்றில் ஏதாவது ஒன்று. தடவியதும் தேய்ப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. டிஷ்யூ பேப்பரை நனைத்துப் பசையின் மேல் ஒட்டி, சமையலறை பிளாஸ்டிக் உறையால் மூடி, பத்து நிமிடம் விடுங்கள். பெயின்ட் படகில் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். எடுத்ததும் பசை குழைந்திருக்கும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் ஒரே திசையில் தள்ளித் திரட்டுங்கள். வட்டமாகத் தேய்த்தால் பசை கரைந்து இன்னும் பெரிய வட்டமாகப் பரவும். ஒவ்வொரு துடைப்புக்கும் துணியின் புது மடிப்பு வேண்டும்.

*அதற்கும் அசையாவிட்டால்:* ஜெல்கோட்டில் மட்டும் சைலீன், அல்லது அசிட்டோன். அசிட்டோன் வேகமானது என்று முதலிலேயே எடுப்பார்கள். பழைய தடித்த பசை ஊறும் முன் அது ஆவியாகிவிடும், பசை மெல்லிய படலமாகப் பரவி நிற்கும். மெல்லிய மிச்சத்துக்குத்தான் அது சரி. ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு துடைப்பு. ஊற விடாதீர்கள்.

பெயின்ட் அகற்றும் திரவத்தையும் அடுப்பு துப்புரவுத் திரவத்தையும் தொடவே வேண்டாம். ஜெல்கோட்டை அரித்துவிடும். அக்ரிலிக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வேலை என்றால் அசிட்டோனும் சைலீனும் கூடாது. ஒரு துளி தெறித்தாலும் சிலந்தி வலை போல வெடிப்பு ஓடும். கண்ணாடியை முன்கூட்டியே பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள்.

ஒழுகலைப் பலர் கவனிப்பதில்லை. பக்கத்தில் விட்ட கரைப்பான் கீழே ஓடி, நீர்மட்டத்துக்குக் கீழுள்ள பாசி தடுக்கும் பெயின்ட்டில் சேர்ந்தால் அது கரைந்து, சிவப்போ கறுப்போ கோடுகளாக இறங்கும். வேலை செய்யும் இடத்துக்கு ஒரு கை கீழே பழைய துணியைச் சுருட்டி, டேப்பால் வாய்க்கால் போல ஒட்டிவிடுங்கள்.

முடிவில் சோப்புத் தண்ணீரில் கழுவி, உலர்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். மண்ணெண்ணெயின் எண்ணெய்ப் படலம் நின்றால் புது ஸ்டிக்கர் ஒட்டாது. கரைப்பான் துணிகளைக் குவித்து வைக்காமல் வெளியே விரித்துக் காய விடுங்கள்.

அறிகுறி 4: ஸ்டிக்கரோடு பெயின்ட்டும் வருகிறது

நிறுத்துங்கள். இன்னொரு அங்குலம்கூட இழுக்க வேண்டாம்.

உரிந்த துண்டின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். நிறத்தூள் மட்டும் ஒட்டியிருந்தால் மேல் அடுக்கு வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். சூட்டைக் குறைத்து இன்னும் மெதுவாகத் தொடரலாம். முழு அடுக்கும் தகடாக ஒட்டியிருந்தால் பெயின்ட்டுக்கும் அடிப்பரப்புக்கும் பிடிப்பே இல்லை என்று பொருள். எப்படி இழுத்தாலும் வரும். பெயின்ட் இன்னும் பிடித்திருக்கும் எல்லையில் ஸ்டிக்கரை மடித்து, ஓரத்தை மெதுவாக வெட்டி, மிச்சத்தை இருந்த இடத்திலேயே விடுங்கள். இதற்குப் பெயின்டரைக் கூப்பிடத்தான் வேண்டும். உரிந்த இடத்தை மட்டும் ஒட்டுப்போடாமல், அந்தப் பக்கம் முழுவதும் பிடிப்பு எப்படி இருக்கிறது என்று அவர் பார்க்க வேண்டும்.

அறிகுறி 5: கரைப்பான் பட்ட இடம் மங்கிவிட்டது, பிசுபிசுக்கிறது, அல்லது நிறம் ஏறிவிட்டது

*மங்கல்:* ஜெல்கோட்டில் இது மேலோட்டமானது. நுண்ணிய பாலிஷ் கையால் இரண்டு தடவை போட்டால் பெரும்பாலும் போகும்.

*பிசுபிசுப்பு:* பெயின்ட் இளகியிருக்கிறது. தொடாமல், துடைக்காமல், ஒரு நாள் முழுக்க விடுங்கள். கரைப்பான் வெளியேறியதும் சில பெயின்ட்டுகள் திரும்ப இறுகும். இறுகியபின் சுருக்கம் விழுந்திருந்தால் மறுபெயின்ட்தான், பாலிஷ் காப்பாற்றாது.

*நிறக்கறை:* சிவப்பு, கறுப்பு ஸ்டிக்கரின் நிறம் கரைந்து, வெளுத்த ஜெல்கோட்டின் நுண்துளைக்குள் இறங்கிவிடும். அதே கரைப்பானை மேலும் ஊற்றினால் இன்னும் ஆழமாகத்தான் போகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒற்றி ஒற்றி எடுங்கள். மிச்சம் காம்பவுண்டில் போகும்.

அறிகுறி 6: எல்லாம் போயும் எழுத்தின் நிழல் தெரிகிறது

கூடுதலான நேரத்தை இதற்குத்தான் ஒதுக்க வேண்டும். நிழல் விழுந்ததும் எழுத்து இருந்த இடத்தையே தேய்க்கத் தொடங்குவார்கள். அங்கே குறை ஏதும் இல்லை. ஸ்டிக்கர் வெயிலை மறைத்ததால் அந்த இடம் படகு புதிதாக இருந்தபோது எப்படியோ அப்படியே இருக்கிறது. வெளுத்தது சுற்றியுள்ள இடம். வேலை எழுத்துக்கு வெளியே.

மூன்று சோதனைகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்:

1. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். நிழல் குறைந்தால் அது பசைப் படலம்தான், அறிகுறி 3-க்குத் திரும்புங்கள்.
2. தண்ணீர் தெளியுங்கள். பரப்பு நனைந்திருக்கும்போது நிழல் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் வித்தியாசம் பளபளப்பில் மட்டும். காம்பவுண்டு போதும். நனைந்தும் தெளிவாகத் தெரிந்தால் நிறமே மாறியிருக்கிறது, இன்னும் ஆழமாகப் போக வேண்டும்.
3. எழுத்தின் ஓரத்துக்குக் குறுக்கே நகத்தை ஓட்டுங்கள். படி போலத் தட்டினால் அறிகுறி 7.

*காம்பவுண்டு:* சோப்பில் கழுவி உலர்த்திய பின், அரை மீட்டருக்கு அரை மீட்டர் கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பாலிஷ் மெஷினில் கம்பளிப் பேடு, நிமிடத்துக்கு 1,000 முதல் 1,400 சுற்று. காம்பவுண்டை முதலில் மெஷினை ஓட்டாமல் பேடாலேயே பரப்பில் தடவிவிட்டு, பிறகு ஓட்டினால் தெறிக்காது. குறுக்காகவும் நெடுக்காகவும் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி நகர்த்துங்கள். காம்பவுண்டு காயும் முன் நிறுத்தித் துடைத்துப் பார்க்க வேண்டும், காய்ந்த காம்பவுண்டில் ஓட்டினால் சூடு ஏறும். பிறகு நுரைப் பேடில் நுண்ணிய பாலிஷ்.

எழுத்தைச் சுற்றி மட்டும் செய்து நிறுத்தினால் நிழலுக்குப் பதிலாகப் பளபளப்பான திட்டு தெரியும். ரப் ரெயில் (படகின் பக்கத்தில் ஓடும் உரசல் தடுப்புப் பட்டை), வளைவு, வண்ணப்பட்டை என்று கண் தானாக நிற்கும் ஓர் எல்லை வரை கொண்டுபோங்கள். படகின் பெயர் அணியத்தில் (முன்பகுதியில்) இருந்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம் முழுவதையும் செய்ய வேண்டி வரும்.

*ஈர உப்புத்தாள்:* இரண்டு முறை காம்பவுண்டு போட்டும் போகாவிட்டால் மட்டும். ஜெல்கோட்டில் மட்டும். 1,000 எண் தாளில் தொடங்கி, 1,500, பிறகு 2,000. தாளைக் கால் மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு, மென்மையான பிளாக்கில் சுற்றி, சோப்பு ஒரு துளி விட்ட தண்ணீர் தெளித்துக்கொண்டே தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் விரல் பட்ட இடம் பள்ளமாகும். எண் மாறும்போது தேய்க்கும் திசையையும் மாற்றினால் முந்தைய கீறல் போய்விட்டதா என்று தெளிவாகத் தெரியும். ஒவ்வொரு எண் முடிந்ததும் கழுவி, உலர்த்தி, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள்.

ஜெல்கோட்டின் மொத்தத் தடிமன் பொதுவாக 0.4 முதல் 0.8 மி.மீ. வரைதான், முன்பு பாலிஷ் போட்டவர்கள் அதில் எவ்வளவு தின்றார்கள் என்பது தெரியாது. விளிம்பும் மூலையும்தான் முதலில் தீரும். அங்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். தேய்க்கும் இடத்தில் நிறம் மெலிந்து, ஃபைபர் இழையின் நெசவு மங்கலாகத் தெரிந்தால் அந்த நொடியே கையை எடுங்கள். அதற்குமேல் ஜெல்கோட் மறுபடி ஏற்றும் ஆள்தான் வேண்டும்.

நீலம், சிவப்பு, கரும்பச்சைப் படகுகளில் நிழல் முழுக்கப் போகாமலும் இருக்கலாம். ஜெல்கோட்டைத் தீர்த்து நிழலை ஜெயிப்பதைவிட, அதை மூடும் அளவுக்குச் சற்றுப் பெரிய புது எழுத்து ஒட்டுவது நல்ல முடிவு. அப்படியானால் அந்த இடத்தில் மட்டும் மெழுகு போடாமல் விட்டு, மற்ற இடம் முழுவதும் மெழுகு போடுங்கள்.

அறிகுறி 7: ஓரத்தில் படி, அல்லது கத்திக்கோடு

படி என்றால் ஸ்டிக்கரைச் சுற்றிச் சுற்றிப் பல வருஷம் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். சுற்றுப்புறம் தேய்ந்து எழுத்து மேடாகிவிட்டது. இங்கு மட்டும் மேட்டைத் தேய்க்கலாம், கெட்டியான பிளாக்கில் 1,000 எண் தாள் சுற்றி, நகம் தட்டாமல் போகும்வரை.

கத்திக்கோடு என்றால் முன்பு ஒட்டியவர் படகின் மேலேயே வைத்து வெட்டியிருக்கிறார். அழுக்கு ஏறியதால் கறுப்பாகத் தெரியும். நைலான் பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்த பிறகும் பள்ளம் நகத்தில் தட்டினால், அதே நிற ஜெல்கோட் பேஸ்ட் நிரப்பித் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். நிறம் பொருத்துவது கைப்பழக்கம் வேண்டிய வேலை. வெளுத்த படகில் புதுப்பெட்டி நிறம் பொருந்தவே பொருந்தாது. தெரியும் இடமென்றால் ஆளிடம் விடுங்கள்.

அறிகுறி 8: புடைப்பான பிளாஸ்டிக் எழுத்து அசையவில்லை

நுரை டேப்பில் ஒட்டியிருக்கும். முதலில் படகின் உட்பக்கம் கை விட்டு, பின்னால் ஆணியோ நட்டோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் லேசாகச் சூடு காட்டி, தடித்த தூண்டில் நரம்பை எழுத்துக்குப் பின்னால் கொடுத்து, ரம்பம் போல் இரு கையாலும் மாற்றி மாற்றி இழுங்கள். நெம்பினால் எழுத்து வரும்போது ஜெல்கோட்டும் சில்லாக வரும். மிஞ்சிய நுரைக்கு அறிகுறி 3.

அறிகுறி 9: காற்றடைக்கும் படகின் குழாயில் ஸ்டிக்கர்

பிவிசி குழாயில் அசிட்டோனும் சைலீனும் துணியையே இளக்கும், ஹீட் கன் இணைப்புத் தையலின் பசையைக் கழற்றும். காற்றை முழு அழுத்தத்தில் வைத்து, ஹேர் டிரையரால் இளஞ்சூடு காட்டி விரலால் உரியுங்கள். மிச்சப் பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதற்கு மேல் வேண்டாம். ஸ்டிக்கர் இணைப்பின் மேலேயே இருந்தால் விட்டுவிடுங்கள், அல்லது குழாய் பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 10: விளிம்பே நகத்தில் தட்டவில்லை

எழுத்தின் ஓரத்தில் நகம் வழுக்கிக்கொண்டே போனால் அது பெயின்ட், அல்லது ஸ்டிக்கரின் மேல் தெளிவுப் பூச்சு அடித்திருக்கிறார்கள், அல்லது அச்சிலேயே வார்த்த ஜெல்கோட் நிறம். சூடும் பசை நீக்கியும் இங்கே ஒன்றும் செய்யாது. தெளிவுப் பூச்சை முழுக்கத் தேய்த்து எடுத்துத் திரும்ப அடிப்பது பெயின்டர் வேலை.

அறிகுறி 11: ஸ்டிக்கருக்கு அடியில் விரிசலோ ஓட்டையோ தெரிகிறது

பழுதை மறைக்கவே ஸ்டிக்கர் ஒட்டியிருப்பது உண்டு. நாணயத்தால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், அடுக்கு பிரிந்த இடத்தில் அட்டையைத் தட்டியது போல் மொத்தென்று கேட்கும். மயிர்க்கோடாக இருந்து ஓசை மாறாவிட்டால் ஜெல்கோட் பேஸ்ட்டோடு முடியும். ஓசை மாறினாலோ, அழுத்தினால் பரப்பு உள்வாங்கினாலோ, விரிசலிலிருந்து தண்ணீர் கசிந்தாலோ, பென்சிலால் அந்த எல்லையைக் குறித்துவைத்துவிட்டு ஃபைபர் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். அவர் பார்க்கும்வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்.